சுண்ணாம்பு நீரும் குழைப் பசளையும்: யாழ்ப்பாணத் தோட்டச் செய்கை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வேளாண்மை வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கிணற்றிலிருந்தே தொடங்குவர். அது இயல்பே. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறொன்றேனும் இல்லாத நிலப்பரப்பு அது. வழுக்கியாறு மாரியில் மட்டும் நீர் கண்டு கோடையில் மறைந்துவிடும். அத்தகைய நிலத்தில் மக்கள் கல்லைப் பிளந்து கிணறு தோண்டி, துலா மிதித்து நீரிறைத்து, புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்த கதை எவரையும் கவரும். 1859 இல் வெளிவந்த தமது நூலில் இலங்கையை விரிவாக வருணித்த எமேர்சன் தெனன்ற் இக்கிணறுகளுக்கும், புத்தூரிலுள்ள நிலாவரைக் கிணற்றுக்கும் தனியிடம் அளித்துள்ளார். அவருக்குப் பின் எழுதியோரும் நீர் கிடைத்த விதத்தையும், அதனை இறைத்த உழைப்பையும், கிணற்றுப் பங்கு பற்றிய வழக்குகளையும் விரித்துரைத்தனர். ஆயின் கிடைத்த நீர் எத்தகையது, ஆண்டுதோறும் அதனைக் குடித்த மண்ணுக்கு யாது நேர்ந்தது என்னும் வினா வரலாற்றெழுத்தில் உரிய இடத்தைப் பெற்றிலது.

அவ்வினாவை எழுப்பின், கிணற்றுக்கு அடுத்த நிலையில் வைத்துப் பேசப்படும் குழைப் பசளை முன்வரிசைக்கு வந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் பயிருக்கு உயிர் கொடுத்தது; அதே வேளையில் மண்ணின்மேல் ஒரு சுமையையும் ஏற்றியது. அச்சுமையை மண் தாங்கும்படி செய்தவை மாரி மழையும் தோட்டக்காரன் தாழ்த்திய குழையுமே என்பதே இக்கட்டுரையின் துணிபு.

குடாநாடு மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்தது. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்று கொணரும் மழையே அதன் நிலத்தடி நீருக்கு மூலம். மழைநீர் வானிலிருந்து விழும்போது ஏறக்குறையத் தூயது. மண்ணினூடு இறங்குகையில், வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் காபனீரொட்சைட்டை அது தன்னுட் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அவ்வமிலம் சுண்ணாம்புக்கல்லை, அதாவது கல்சியம் காபனேற்றை, கல்சியம் இருகாபனேற்றாக மாற்றிக் கரைத்துச் செல்கிறது. கிணற்றில் நாம் அள்ளுவது இக்கரைசலையே. சவர்க்காரம் நுரைக்காமையும், பருப்பு எளிதில் அவியாமையும், கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு தடிப்பதும் இதன் விளைவுகள். கேத்தலில் நிகழ்வது மிகவும் எளிதான இரசாயனம்: சூடேறக் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது, கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிறது. அதே நிகழ்ச்சி வெயிலில் காயும் பாத்தியிலும் மெதுவாக நடைபெறுகின்றது. கரையோரக் கிணறுகளில் கடலுப்புக் கலந்து நீர் சவராவது வேறொரு சிக்கல். இங்கு நாம் நோக்குவது வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில், கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் போன்ற உள்ளூர்ப் பகுதிகளில், ‘நல்ல தண்ணீர்’ எனப் பெயர் பெற்ற நீரின் இயல்பையே.

இவ்விடத்திற் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். 1909 இல் கோப்பன்கேகனில் கால்சுபேர்க் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய சோரன்சன் பீ.எச். அளவுகோலை வகுத்த பின், நீரின் காரநிலையை ஓர் எண்ணாற் கூறும் வழக்கம் பரவியது. ஆனால் பயிர்ச் செய்கையில் அவ்வெண் பாதி உண்மையையே சொல்கிறது. 7.8 என்னும் ஒரே பீ.எச். பெறுமானமுடைய இரு நீர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் இருகாபனேற்று மிகச் சொற்பம். சிறு துளி அமிலமே அதன் நிலையை மாற்றிவிடும். மற்றதில் இருகாபனேற்று மிகுதி; கணிசமான அமிலத்தைச் சேர்த்தாலும் விழுங்கிவிட்டுப் பழைய நிலைக்கு அண்மையிலேயே நிற்கும். முன்னது கைச்செலவுக்குக் கடன்பட்டவன். பின்னது காணியை ஈடு வைத்தவன். அமிலத்தை விழுங்கும் இக்கொள்ளளவே காரத்தன்மை எனப்படுவது. மண்ணுக்குச் சுமையாவதும் அதுவே.

சுமையின் அளவை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்காற் காணலாம். கிணற்று நீரின் காரத்தன்மை, கல்சியம் காபனேற்றாகக் கணிக்குமிடத்து, இலீற்றருக்கு 250 மில்லிகிராம் எனக் கொள்வோம். சுண்ணாம்புக்கல் நிலத்து நீருக்கு இது மிகையான பெறுமானமன்று. ஒரு போகத்திற்கு 500 மில்லிமீற்றர் நீர் பாய்ச்சப்படுவதாகவும் கொள்வோம். ஏக்கரொன்றுக்கு ஏறத்தாழ 2,000 கனமீற்றர் நீர். அதனோடு வந்து சேரும் சுண்ணாம்பு ஏறத்தாழ 500 கிலோகிராம். தோட்டக் காணிகளின் வழக்கப்படி 16 பரப்பு ஓர் ஏக்கர் ஆதலின், ஒரு பரப்புக்கு 30 கிலோகிராமுக்குச் சற்று மேல். ஒருவன் தன் தோட்டத்தில் ஆண்டுதோறும் பரப்புக்கு ஒரு சிறு மூடை சுண்ணாம்பைத் தூவி வருவானாயின் அயலார் அவனைப் பித்தன் என்பர். துலாப் பட்டை அதனைக் கண்ணுக்குத் தெரியாமற் செய்தது. ஒரு நூற்றாண்டுக் காலம் இவ்வாறு நீர் பாய்ச்சிய நிலம் வெண்சுண்ணாம்புத் தரையாக மாறாமல் இருந்தது எங்ஙனம்?

முதல் விடை மழை. கோடையில் படிந்ததன் ஒரு பகுதியை மாரி மழை மீண்டும் கரைத்துக் கீழே கொண்டு செல்லும். செம்பாட்டு மண் நீரை விரைவில் வடியவிடும் இயல்புடையதாதலின் இக்கழுவுதல் செவ்வையாக நிகழ்ந்தது. ஆயினும் பயிர் நிற்பது கோடையில். மாரி வரும்வரை அது காத்திருக்க முடியாது. அவ்விடைக்காலத்திற் பயிரைத் தாக்கக்கூடிய குறைபாடு யாது என்பதை அறிய நாம் சிறிது நேரம் பிரான்சுக்குச் செல்ல வேண்டியுள்ளது; அக்குறைபாடு முதலில் ஆராயப்பட்டது அங்கேதான்.

சுண்ணாம்பு மிகுந்த நிலத்திற் பயிரின் இளந்தளிர்கள், நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பட்ட பகுதி மஞ்சளாகி வெளிறுவதுண்டு. 1840களில் எசேப் கிரீசு என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் அத்தகைய இலைகளில் இரும்பு உப்புக் கரைசலைப் பூச, பூசிய இடம் பச்சையாவதைக் கண்டார். மண்ணில் இரும்பு இல்லாமையன்று காரணம். இருக்கும் இரும்பு கார நிலையிற் கரையாமற் கிடப்பதே காரணம். இவ்வறிவின் பெறுமதி அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிப்பட்டது. பிலொக்செரா என்னும் பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, அதனைத் தாங்கவல்ல அமெரிக்க வேர்த்தண்டுகளில் ஒட்டுக் கட்டினர். பூச்சி ஓய்ந்தது, ஆனால் சுண்ணாம்பு நிலங்களில் ஒட்டுக்கன்றுகள் மஞ்சளாகி மடிந்தன. 1887 இல் பியர் வியாலா அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, தெக்சாசின் சுண்ணாம்பு நிலங்களில் இயற்கையாகவே வாழும் திராட்சை இனமொன்றைத் தெரிந்துகொண்டு திரும்பினார். பிரான்சு மண்ணை மாற்ற முயலாது செடியை மாற்றிக்கொண்டது எனலாம். முந்திரிகைக் கொடி படர்த்தும் யாழ்ப்பாணத்தவருக்கும் இக்கதை அந்நியமானதன்று.

யாழ்ப்பாணம் சென்ற வழி வேறு. இங்குச் செடி புதிது: புகையிலையும் மிளகாயும் ஐரோப்பியர் வருகையோடு வந்தவை. நீரை மாற்றவும் வழியில்லை. எஞ்சியது மண்ணே. அம்மண்ணில் தோட்டக்காரர் சேர்த்தவற்றின் பட்டியல் நீண்டது. வேலிக் கதியாலாக நின்ற பூவரசும் முள்முருக்கும் வெட்டப்பட்டுக் குழையாகத் தாழ்க்கப்பட்டன. தரிசுகளில் வளர்ந்த காவிளாய் பிடுங்கி வரப்பட்டது. சணல் விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழப்பட்டது. வேலி புதிதாய் அடைக்கப்படும்போது கழிக்கப்பட்ட பழைய பனையோலை சான் தோண்டிப் புதைக்கப்பட்டது. ஆடு மாடுகள் இரவிற் பட்டி அடைக்கப்பட்டன. மறுநாள் பட்டி இடம் மாறியது. கரையோரங்களில் சாதாளையும் பசளையாயிற்று. வேலி என்பது எல்லைக் குறி மட்டுமன்று. அது ஒரு பசளைக் களஞ்சியமும் ஆகும். வேலிச் சண்டைக்குப் பேர்போன சமூகம் என்று நம்மை எள்ளுவோர் இதனையும் கருத்திற் கொள்வாராக.

இவ்வறிவு யாருடையது என்னும் வினாவை வரலாற்று மாணவர் தவிர்க்கலாகாது. துலா மிதித்தவரும் குழை சுமந்தவரும் ஓலை புதைத்தவரும் பெரும்பாலும் காணிக்கு உடைமையாளர் அல்லர். 1707 இல் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாசு ஐசாக்சு ஒல்லாந்த அரசுக்காகத் தொகுத்த தேசவழமையில் அடிமைகளைப் பற்றி விதிகள் உள்ளன. 1844 இல் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும் குடிமைத் தொழில் உறவுகள் நெடுங்காலம் நிலைத்தன. உறுதிகளில் ‘கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு’ எழுதி வைத்தவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. எந்தக் குழை எந்த மண்ணில் எத்தனை நாளில் உக்கும் என்பதைக் கையால் அறிந்தவர்களின் பெயர்கள் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்தானின் அறிவுக்கூர்மை எனப் பொதுப்படப் புகழ்வோர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

இனி, குழை செய்தது என்ன? ‘குழை புளிப்பைக் கொடுத்துக் காரத்தை முறித்தது’ என்று ஒரே வரியிற் கூறிவிடும் வழக்கம் உண்டு. அது முழுதும் சரியன்று. பச்சை இலையில் கல்சியமும் பொற்றாசியமும் சேதன அமிலங்களுடன் பிணைந்து நிற்கின்றன. அவ்வமிலங்கள் உக்கி அழிந்தபின் எஞ்சுவது காரமே. சாம்பல் காரமாயிருப்பதன் காரணமும் இதுதான். குழையின் பயன் வேறு வழிகளில் வந்தது. உக்கும் குழை காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறது. சுண்ணாம்புள்ள மண்ணின் பீ.எச். பெறுமானத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அவ்வாயுவின் அளவே. திறந்த வளியுடன் சமநிலையிலுள்ள சுண்ணாம்பு நீரின் பெறுமானம் 8.3 அளவினது, மண்வளியிற் காபனீரொட்சைட்டு நூற்றுக்கு ஒன்றாக உயரின் அது 7.3 அளவுக்கு இறங்கும். ஓர் அலகு இறக்கம் என்பது இரும்பைப் பொறுத்தவரை பெரிய மாறுதல். மேலும், உக்கற் பொருள்கள் இரும்பைப் பிணைத்து வேருக்கு எட்டும் நிலையில் வைத்திருக்கின்றன. மூன்றாவது, மண் பொசுபொசுப்பாக இருத்தல். நீர் தேங்கி நிற்கும் இறுகிய மண்ணில் அதே காபனீரொட்சைட்டு இருகாபனேற்றாகத் திரண்டு மஞ்சள் நோயை மிகுவிக்கும். வடியும் மண்ணில் அவ்வாறு நேராது. பனையோலை போன்று மெதுவாக உக்கும் பொருளைப் புதைத்ததன் நன்மை இங்கேதான் விளங்குகிறது.

நிலையான அமிலம் ஒன்றும் பசளையிலிருந்து வந்தது. எருவிலுள்ள நைதரசன் முதலில் அமோனியாவாகி, பின் பற்றீரியாக்களால் நைத்திரேற்றாக்கப்படுகின்றது. இது உயிர்ச்செயலே என்பதை 1877 இல் சுலோசிங், மூன்ற்சு ஆகியோர் காட்டினர். அப்பற்றீரியாக்களை 1890 அளவில் வினோகிராட்சுகி பிரித்தெடுத்தார். இம்மாற்றத்தின்போது அமிலம் தோன்றும். ஆனால் கணக்கை முடிவுவரை பார்த்தல் அவசியம். நைத்திரேற்றைப் பயிர் உறிஞ்சிக்கொள்ளுமாயின், உறிஞ்சும்போது வேர் ஏறத்தாழ அதே அளவு காரத்தை மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். அமிலம் மண்ணில் எஞ்ச வேண்டுமாயின் நைத்திரேற்று பயிருக்குக் கிட்டாது கீழே கழுவப்பட வேண்டும். அவ்வாறு கழுவப்படும் நைத்திரேற்று தனியே இறங்குவதில்லை. அமிலத்தாற் கரைந்த கல்சியத்தையும் உடன்கொண்டு இறங்குகிறது. இறங்குமிடம் கிணறு. எனவே இவ்வழியால் மண்ணின் சுண்ணாம்புச் சுமை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குக் கிணற்று நீர் நைத்திரேற்றும் வன்மையும் ஏறப் பெறுகின்றது. மறுபோகத்தில் அந்நீரே மீண்டும் பாத்திக்கு வருகிறது. தோட்டமும் கிணறும் ஒரே ஏட்டின் வரவும் செலவுமாக நிற்கும் இந்நிலை, சுண்ணாம்புக்கல் நாட்டுக்கு உரிய இடர்ப்பாடாகும்.

துலாவும் குழையும் இருந்த காலத்தில் இவ்வேட்டில் எண்கள் சிறியனவாய் இருந்தன. மனிதர் மிதித்து இறைக்கும் நீருக்கு ஓர் எல்லை உண்டு. சுமந்து வரும் குழைக்கும் எல்லை உண்டு. உக்கும் வேகமோ பயிர் உறிஞ்சும் வேகத்தோடு ஓரளவு ஒத்துச் சென்றது. 1950களிலும் 1960களிலும் மண்ணெண்ணெயால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவியதும் முதல் எல்லை தகர்ந்தது. இரசாயனப் பசளை இரண்டாவதைத் தகர்த்தது. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியமையால் குடாநாட்டுத் தோட்டக்காரர் முன்னொருபோதும் காணாத வருவாயைக் கண்டனர். காணிக்கு ஓய்வு கொடுக்க எவருக்கும் மனம் வரவில்லை. யூரியாவின் நைதரசனும் எருவின் நைதரசனும் இரசாயனக் கணக்கில் ஒன்றே. வேறுபாடு வேகத்திலும் அளவிலும் இருந்தது. பயிர் உறிஞ்சுவதற்கு முன்பே இயந்திரம் பாய்ச்சிய நீர் அதனைக் கீழே தள்ளியது. 1980களில் நடைபெற்ற ஆய்வுகள் வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, குடிநீருக்கு விதிக்கப்பட்ட எல்லையைக் கடந்திருந்தமையை வெளிப்படுத்தின. அவ்வெல்லை, உலக சுகாதார நிறுவனத்தின்படி, இலீற்றருக்கு 50 மில்லிகிராம். அத்தகைய நீரிற் கரைத்த பாலைக் குடிக்கும் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் கொண்டு செல்லும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கும் என்பதை 1945 இல் அமெரிக்காவின் அயோவாவிலிருந்து கொம்லி என்னும் மருத்துவர் அறிவித்திருந்தார்.

1990களில் போரும் பொருளாதாரத் தடையும் யூரியாவையும் மண்ணெண்ணெயையும் கிடைத்தற்கரிய பொருள்களாக்கின. கைவிடப்பட்ட துலாக்கள் சில மீண்டும் ஏறின. குழை மீண்டும் தேடப்பட்டது. இதனைச் சிலர் இயற்கை வேளாண்மைக்கான மீட்சியாகப் போற்றுகின்றனர். பசியின் நெருக்குதலாற் செய்ததை விருப்பத்தின் விளைவாகக் காட்டுவது நேர்மையன்று. அன்றியும், திரும்பிச் செல்வதற்கான பழைய உலகம் அப்போதே சுருங்கியிருந்தது. எண்ணற்ற பனைகள் காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்டன. அதன் பின்னர் வெளிநாட்டுப் பணம் வந்த வீடுகளிற் கதியால் வேலி நின்ற இடத்தில் சீமெந்து மதில் எழுந்தது. மதிலில் குழை முளைப்பதில்லை. தரிசுகள் வீட்டுக் காணிகளாயின; எரு வன்னியிலிருந்து லொறியில் வர வேண்டியதாயிற்று. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு திடீரெனத் தடை செய்து, நாடு சேதனப் பசளைக்கு மாறியதாக அறிவித்து, அவ்வாண்டு நவம்பரிலேயே பின்வாங்கியது. வேலியும் பட்டியும் தரிசும் இல்லாமற் பசளை மட்டும் எங்கிருந்து வரும் என்று அப்போது கேட்கத் தவறியோர், ஒரு பசளை முறைக்குப் பின்னால் ஒரு நில முறையும் ஓர் உழைப்பு முறையும் நிற்கின்றன என்பதை உணராதோராவர்.

இன்று யாழ்ப்பாண நகரத்தில் பலருக்குத் தோட்டமென்பது முற்றத்துச் சாடிகளே. கிணற்று நீர் மேனிலைத் தொட்டிக்கு ஏறிக் குழாயால் வருகிறது. குழாயில் வருவதால் அதன் சுண்ணாம்பு குறைந்துவிடுவதில்லை. கூட்டெருவும் தும்புத் தூளும் கலந்த சாடி மண்ணில் முதலில் செழித்த செடி, சில மாதங்களில் தளிர் வெளிறி நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். சாடிக்கு ஆழமில்லை; மாரியிற் கழுவப்பட்டுச் செல்லும் வழியும் குறைவு; சேதனப் பொருள் உக்கித் தீர்ந்ததும் காபனீரொட்சைட்டும் ஓய்ந்துவிடும்; சுண்ணாம்பு மட்டும் நாளாந்தம் வந்துகொண்டிருக்கும். தேசிக்காய்ப் புளியை நீரிற் கலந்து ஊற்றும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது நீரின் இருகாபனேற்றை அப்போதைக்கு முறிக்கிறது என்பது மெய். ஆனால் புளியிலுள்ள சித்திரிக்கமிலத்தின் உப்பை மண்ணுயிர்கள் தின்று முடித்ததும் அதே இருகாபனேற்று மீண்டும் தோன்றிவிடும். கந்தகத் தூள் இதற்கு மாறானது. பற்றீரியாக்கள் அதனைச் சல்பூரிக்கமிலமாக்குகின்றன. அவ்வமிலம் உண்ணப்பட்டு மறைவதில்லை. சிறிதளவே போதும்; வேலை தொடங்க வாரங்கள் செல்லும். கூட்டெருவை ஒருமுறை கலந்துவிட்டு ஓய்ந்திராமல், சில மாதங்களுக்கு ஒருமுறை மேலாகச் சேர்த்துவருதலும், சாடியின் அடித்துவாரம் அடைபடாது காத்தலும் அதே நோக்கின. ஆயின் இவையெல்லாவற்றிலும் மலிவானது கூரையிலிருந்து வழியும் மாரித் தண்ணீர். அதனைப் பிடித்து வைத்துக் கிணற்று நீருடன் சரிபாதி கலப்பின் காரத்தன்மை சரிபாதியாகும். சேமித்த நீர் மாசி, பங்குனி வரை வரும். அதன் பின் கிணற்று நீரையே ஊற்ற நேர்ந்தாலும், அடுத்த ஐப்பசியில் சாடிகளைத் தாழ்வாரத்திலிருந்து எடுத்து மழையில் வைத்துவிடலாம்.